குப்பைக்குப் போகிற அட்டையில் ஒரு நோட்டு: பிரிப்பது முதல் தைப்பது வரை

நான் தைத்த முதல் நோட்டு மூடவே இல்லை. காலை உணவுப் பெட்டியின் அட்டையை வெட்டி, பார்சலில் வந்த தாளை மடித்து, நூல் கோத்து முடித்து மேசையில் வைத்தேன். கொட்டாவி விட்டபடியே கிடந்தது. மேலே நான்கு தடிமனான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி அமுக்கிப் பார்த்தேன். புத்தகங்களை எடுத்ததும் மறுபடி மெல்ல வாயைத் திறந்தது. தையலில் தப்பில்லை, அட்டையிலும் தப்பில்லை. அட்டையை எந்தப் பக்கமாக வெட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் தப்பு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றதெல்லாம் பொறுமையும் கைப்பழக்கமும்தான்.

இந்த வழிகாட்டியில் இரண்டு நோட்டுகள் செய்யப் போகிறோம். முதலாவது சட்டைப்பையில் வைக்கிற அளவுக்கு மெல்லியது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது தடிமனானது, ஒரு மதியப்பொழுது வேண்டும். இரண்டுக்கும் பசை தேவையில்லை. பசை போட்டுக் கெட்டி அட்டை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அதற்கும் ஒரு பகுதி பின்னால் உண்டு.

எதை எடுத்து வைப்பது, எதை விடுவது

வீட்டுக்கு வருகிற பேக்கிங்கில் நோட்டுக்கு ஆகிற சமாச்சாரம் மூன்று விதம்: அட்டைக்கு ஆவது, பக்கங்களுக்கு ஆவது, தைப்பதற்கும் முதுகைப் பலப்படுத்துவதற்கும் ஆவது.

அட்டைக்குச் சிறந்தது பற்பசை, மாத்திரை, பிஸ்கட், தானியப் பெட்டிகளின் மெல்லிய அட்டை. அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பாக அச்சடித்திருக்கும், மறுபக்கம் சாம்பல் நிறத்திலோ பழுப்பாகவோ இருக்கும். சாம்பல் நிறம் என்றால் அந்த அட்டையே பழைய தாளை அரைத்துச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி காலியானதும் ஒட்டிய ஓரத்தில் விரலைவிட்டுப் பிரித்து, தட்டையாக்கி, ஒரு பெரிய புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடுங்கள். கசங்கிய பிறகு நிமிர்த்துவது வீண் வேலை.

பக்கங்களுக்குப் பார்சலில் பொருள் அசையாமல் இருக்கச் சுருட்டித் திணிக்கிற பழுப்புத் தாள், காகிதப் பைகள், மாவும் சர்க்கரையும் வருகிற காகித உறைகள், கடித உறைகள் எல்லாம் ஆகும். கடித உறையை எப்போதும் பிரித்து உள்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து வெளியே தெரியாமலிருக்க நீலத்திலும் சாம்பலிலும் நுணுக்கமான கோலம் போட்டிருப்பார்கள். அதை நோட்டின் முதல் தாளாக வைத்தால் காசு கொடுத்து வாங்கிய அலங்காரத் தாள் தோற்றுவிடும்.

நெளி அட்டைப் பெட்டியை, அதாவது பெரிய பார்சல் பெட்டியை, பலர் நோட்டின் மேலட்டைக்கு அப்படியே வெட்டிப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. முனை நசுங்கும், மடித்த இடத்தில் பிளக்கும், பையில் வைத்தால் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நெளி அட்டை என்பது இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலை அலையான ஒரு தாளை மாவுச்சத்துப் பசையால் ஒட்டியது. மாவுப் பசை தண்ணீரில் விட்டுக்கொடுக்கும். டேப்பையும் ஸ்டிக்கரையும் உரித்துவிட்டு ஒரு துண்டை அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். ஒரு மூலையில் நகத்தால் கீறினால் மேல்தாள் ஈரத்துணி மாதிரி அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். வரவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம் ஊறட்டும். ஒட்டியிருக்கும் கொழகொழப்பை விரலால் வழித்துவிட்டு, இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி உலரவிடுங்கள். நடுவில் இருமுறை துணியை மாற்ற வேண்டும். கெட்டியான, கரகரப்பான பழுப்புத் தாள் இரண்டு கிடைக்கும். பென்சிலில் படம் போடுகிறவர்களுக்கு இது அல்வா மாதிரி.

மூன்றாவது வகையைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பாலும் பழச்சாறும் வருகிற பல அடுக்கு அட்டைப்பெட்டி இருக்கிறதல்லவா, அதில் காகிதத்தோடு பிளாஸ்டிக் படலமும் மெல்லிய அலுமினியமும் சேர்ந்திருக்கும். மறுசுழற்சியில் பிரிப்பதற்குச் சிரமம் தருகிற அதே ஒட்டுறவு, நோட்டின் முதுகுக்கு வரமாகிவிடுகிறது. ஊசி ஓட்டை போட்டு இழுத்தாலும் எளிதில் கிழியாது. காலியான அன்றே வெட்டிப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி வைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் வரும் புளித்த நாற்றம் கழுவினாலும் முழுதாகப் போகாது.

தைக்கிற நூலும் பேக்கிங்கிலேயே கிடைக்கும். மாவு, தானியச் சாக்குகளின் வாயை ஒரே ஓட்டமாகச் சங்கிலித் தையல் போட்டு மூடியிருப்பார்கள். ஒரு முனையிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தத் தையலும் ஒரே இழுப்பில் அவிழ்ந்து, கை நிறைய உறுதியான நூல் வந்து சேரும். எந்த முனை என்று குழப்பமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தையலை வெட்டிப் பாருங்கள், ஒன்று தானாக ஓடும்.

இனி வேண்டாதவை. எண்ணெய் பட்ட எதுவும் வேண்டாம். கறை சின்னதாகத் தெரியும், ஒரு மாதத்தில் பத்துப் பக்கத்துக்குப் பரவியிருக்கும். கடை ரசீதுத் தாள் வேண்டாம். அது சூட்டில் கறுக்கிற ரசாயனம் பூசியது, நாளானால் எழுத்தும் மங்கிவிடும். செய்தித்தாள் பக்கத்துக்கு உதவாது. அதில் லிக்னின் என்கிற மரப்பொருள் அதிகம், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். சாப்பாட்டு வாசனை தங்கிய அட்டையும் வேண்டாம், பூச்சியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். என் முதல் நோட்டு கொட்டாவி விட்டதன் காரணம் இதுதான்.

ஆலையில் தாள் செய்யும்போது கூழ் ஓடுகிற வலைமேல் கொட்டப்படுகிறது. கூழில் இருக்கும் நார்கள் பெரும்பாலும் வலை ஓடுகிற திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அதனால் எல்லாத் தாளுக்கும் அட்டைக்கும் ஒரு நாரோட்டம் உண்டு. பைண்டிங் செய்கிறவர்கள் கிரெயின் என்பார்கள். அந்தத் திசையோடு சேர்த்து மடித்தால் தாள் சமத்தாக மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், அட்டையாக இருந்தால் மடிப்பில் வெடிக்கும். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் உப்பும். ஆகவே விதி ஒன்றே ஒன்று: அட்டையானாலும் பக்கமானாலும் நாரோட்டம் நோட்டின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. அட்டையை மேசையில் வைத்து, மடிப்பு விழாமல் மெதுவாகப் பாதியாக வளைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் தொண்ணூறு டிகிரி திருப்பி அதே மாதிரி அழுத்துங்கள். எந்தப் பக்கம் வளைக்கும்போது கைக்கு எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவுக்கோட்டின் திசைதான் நாரோட்டம். மெல்லிய தாளில் கைக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு ஓரத்தில் கிழித்துப் பாருங்கள். நாரோடு கிழித்தால் ஏறக்குறைய நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரமாக்குங்கள். தாள் குழாயாகச் சுருளும். குழாய் நீளுகிற திசையே நாரோட்டம்.

பல பெட்டிகளில் நார் பெட்டியைச் சுற்றி வளையம் போல ஓடும், பக்கங்கள் உப்பாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். எனவே பெட்டியின் முன்பக்கப் படத்தை நேராக நிறுத்தி அட்டை வெட்ட ஆசைப்பட்டால் நாரோட்டம் குறுக்கே வந்துவிடும். படம் பக்கவாட்டில் படுத்திருப்பதுதான் விலை. நான் படத்தை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒருபக்கம் அச்சடித்த ஏ4 தாள் வீட்டில் சேர்ந்தால் அதையும் கலந்துகொள்ளலாம். ஏ4 என்பது 210 × 297 மி.மீ. பொதுவாக அதில் நார் நீளவாக்கில் ஓடும். அதை அப்படியே பாதியாக மடித்து ஏ5 நோட்டாக்கினால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். முதலில் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்து ஏ6 ஆக்கினால், அதாவது 105 × 148 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால், மடிப்பு நாரோடு சேர்ந்துகொள்ளும். நாம் முதல் நோட்டை ஏ6 அளவில் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவிகள்

கட்டர், இரும்பு ஸ்கேல், கெட்டியான ஊசி, நான்கைந்து கிளிப், மெழுகுவத்தித் துண்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. மடிப்பை அழுத்தித் தேய்க்க எலும்புப் பட்டை விற்கிறது. ஸ்பூனின் முதுகு அதே வேலையைச் செய்யும். ஓட்டை போடக் குத்தூசி இல்லாவிட்டால் தடித்த ஊசியின் கண் பக்கத்தைப் பாட்டில் தக்கையில் செருகிக்கொள்ளுங்கள். வெட்டும்போது கீழே பழைய நெளி அட்டையை வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவதில் ஒரே பாடம்: ஒரே அழுத்தில் வெட்ட நினைக்காதீர்கள். லேசாக நான்கைந்து முறை ஓட்டுங்கள். வலுவாக அழுத்தினால் கத்தி ஸ்கேலை விட்டு விலகும், அது போய் நிற்கிற இடம் பெரும்பாலும் ஸ்கேலைப் பிடித்திருக்கும் விரல். ஸ்கேல் எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும். வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் கெடும்.

முதல் நோட்டு: ஒரே கட்டு, ஐந்து ஓட்டை

பக்கங்களுக்கு 148 × 210 மி.மீ. அளவில் எட்டுத் தாள் வெட்டுங்கள். நாரோட்டம் 148 பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும். மடித்தால் 16 இதழ், 32 பக்கம். பழுப்பு, வெள்ளை, உறையின் கோலம் எல்லாம் கலந்திருந்தால் நல்லது, எந்தப் பக்கத்தில் எதை எழுதினோம் என்று நிறத்தை வைத்தே தேடலாம். கசங்கிய தாளை முதலில் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். நீராவி வேண்டாம், மிதமான சூடு போதும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பை என்றால் இஸ்திரி பக்கமே கொண்டுபோகாதீர்கள், உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

தாள்களைத் தனித்தனியாக மடித்து, ஸ்பூனால் ஒருமுறை தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். இப்படிச் செருகிய தாள்களின் தொகுப்பைத்தான் கட்டு என்கிறேன். எட்டையும் சேர்த்துப் பிடித்து மடித்தால் மடிப்பு உருண்டையாக வரும். செருகி முடித்ததும் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். உள்ளே இருக்கும் தாள்கள் வெளியே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தாளின் தடிமனும் உள்ளே இருப்பதைத் தள்ளிவிடுகிறது, வெட்டியதில் பிழை இல்லை. இந்தக் கட்டை இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கிளிப் போட்டு, அந்த விளிம்பை ஓரிரண்டு மில்லிமீட்டர் சீவிவிடுங்கள். அப்படியே படிக்கட்டு மாதிரி விட்டாலும் குற்றமில்லை, புரட்டுவதற்கு விரலுக்கு வாகாகவே இருக்கும்.

மேலட்டையின் உயரம் 152 மி.மீ. மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் பக்கங்களின் முனை மடங்காது. அகலத்தை இப்போதைக்குத் தாராளமாக 225 விட்டு, தைத்த பிறகு நறுக்கிக்கொள்ளலாம். அச்சடித்த பக்கம் வெளியே வேண்டுமா, உள்ளே வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நான் சாம்பல் பக்கத்தை வெளியே வைப்பேன், பென்சிலில் தலைப்பு எழுத வசதி. சமையலறையிலோ பையிலோ அடிபடப் போகிற நோட்டு என்றால் வழவழப்பான பக்கம் வெளியே இருப்பதுதான் புத்திசாலித்தனம், அழுக்கைத் துடைத்துவிடலாம்.

நடுக்கோட்டில் மடிப்பதற்கு முன் தடம் போட வேண்டும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அட்டையின் வெளிப்பக்கத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தி இழுங்கள். இப்போது எந்தப் பக்கமாக மடிப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பள்ளத்துக்குள் மடியும் என்று தோன்றும். உண்மையில் பள்ளம் வெளியே இருக்க, பின்பக்கம் புடைத்த மேடு மடிப்புக்குள் போக வேண்டும். அப்படி மடித்தால்தான் வெளித்தாள் இழுபட்டு வெடிக்காது. கடையில் வாங்கிய ஏதாவது பெட்டியின் மூலையைப் பிரித்துப் பாருங்கள், இப்படித்தான் இருக்கும்.

ஓட்டைகளுக்கு அளவு பார்க்க ஸ்கேல் வேண்டாம். 148 மி.மீ. நீளத்தில் ஒரு தாள் பட்டி வெட்டி, பாதியாக மடித்து நடுவைக் குறியுங்கள். இரு முனையிலிருந்தும் 15 மி.மீ. தள்ளி ஒவ்வொரு புள்ளி. அவற்றுக்கும் நடுவுக்கும் இடையில் பாதியில் ஒவ்வொரு புள்ளி. மொத்தம் ஐந்து. மேலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியைக் கட்டின் நடுவே வைத்துக் குத்த வேண்டும். குத்தும்போது கட்டு புத்தகம் விரிந்த மாதிரி, செங்கோணமாகத் திறந்திருக்கட்டும். ஒரு பெட்டியின் நீள விளிம்பை மூலையோடு வெட்டி எடுத்தால் அதற்குத் தோதான தொட்டில் தயார். ஊசி சரியாக மடிப்புக் கோட்டில் வெளிவர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தப் பக்கம் சீக்கிரம் கிழியும். மேலட்டைக்கும் இதே பட்டியை நடுவாக வைத்துக் குத்துங்கள்.

நூல் நோட்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கும் கொஞ்சமும், ஏறக்குறைய அரை மீட்டர். மெழுகில் இரண்டு முறை இழுத்தால் சிக்காது, முடிச்சும் நழுவாது. தையல் மெஷின் நூல் மெல்லியது, தாளை அறுக்கும். வேறு வழியில்லை என்றால் நான்கு இழை சேர்த்துக்கொள்ளுங்கள். சரி, இனி தைக்கலாம்.

1. கட்டின் உள்ளே இருந்து தொடங்குங்கள். நடு ஓட்டையில், அதாவது மூன்றில், ஊசியை வெளியே விடுங்கள். உள்ளே 8 செ.மீ. வால் தொங்கட்டும்.
2. வெளியிலிருந்து இரண்டில் உள்ளே வாருங்கள்.
3. ஒன்றில் வெளியே போய், மறுபடி இரண்டில் உள்ளே வாருங்கள்.
4. இப்போது மூன்றைத் தாண்டி நான்கில் வெளியே போங்கள்.
5. ஐந்தில் உள்ளே வந்து, மறுபடி நான்கில் வெளியே போங்கள்.
6. மூன்றில் உள்ளே வாருங்கள். தொடங்கிய இடம்.

இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே உள்ளே ஒரு நீளமான நூல் ஓடுகிறது பாருங்கள். வால் அதற்கு ஒரு பக்கமும் ஊசி மறுபக்கமும் இருக்க வேண்டும். அந்த நூலை நடுவில் வைத்து இரட்டை முடிச்சுப் போட்டு, ஒரு செ.மீ. விட்டு நறுக்குங்கள். ஒரே ஓட்டையில் இரண்டாவது முறை போகும்போது முதலில் போன நூலைக் குத்திவிடாதீர்கள், பிறகு இறுக்க முடியாது.

இறுக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நூலை எப்போதும் முதுகின் நீளவாக்கில், மடிப்போடு சேர்த்து இழுங்கள். நம்மை நோக்கிச் செங்குத்தாக இழுத்தால் நூல் கத்தியாகி ஓட்டையைக் கிழித்துவிடும். நான் ஒரு முழு நோட்டையே கடைசி இழுப்பில் இப்படிக் கெடுத்திருக்கிறேன். கடைசி இழுப்பில்தான் எல்லோரும் கெடுப்பார்கள், வேலை முடிந்த சந்தோஷத்தில் கை முரடாகிவிடும்.

நோட்டை மூடி, பக்கங்களைவிட 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி மேலட்டையை நறுக்குங்கள். மூலையில் ஒரு நாணயத்தை வைத்துக் கோடு போட்டு வளைத்து வெட்டினால் பையில் மாட்டி மடங்காது. ஒரு ராத்திரி பாரத்துக்கு அடியில் கிடக்கட்டும்.

தடிமனான நோட்டு: பல கட்டுகள், ஒரே மேலட்டை

பத்துத் தாளுக்கு மேல் ஒரே கட்டில் திணித்தால் நோட்டு கொழுத்துப்போய் மூடாது. அப்போது பல கட்டுகளாகப் பிரிக்க வேண்டும். அச்சகங்களில் இந்தக் கட்டைப் பாரம் என்று சொல்வார்கள். கட்டுக்கு ஐந்து தாள், நான்கு கட்டு என்று வைத்துக்கொள்வோம். 20 தாள், 80 பக்கம்.

இந்த நோட்டின் முதுகுக்கு அகலம் உண்டு. அதைப் பெட்டியே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவது என் வழக்கம். ஒல்லியான பெட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள்: முன்பக்கம், குறுகலான பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்றும் ஏற்கெனவே தடம் போட்டு மடித்தபடி இருக்கும். பக்கவாட்டு 2 செ.மீ. அகலம் என்றால் அதுவே முதுகு. இரண்டு மடிப்பும் ஆலையிலேயே அழுத்தியவை, நார் குறுக்கே ஓடினாலும் வெடிக்காது. கட்டுகளை அடுக்கிக் கையால் அமுக்கிப் பார்த்து, முதுகு நிறையும்வரை சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டு எவ்வளவு தடிமன் என்று முதலில் முடிவுசெய்து அதற்குப் பெட்டி தேடினால் வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

முதுகின் உள்பக்கத்தில் பால்பெட்டிப் பட்டையை வைக்க வேண்டும். ஓட்டைகள் நெருக்கமாக வரப்போவதால் வெறும் அட்டை தாங்காது. முதுகைவிட ஒரு மில்லிமீட்டர் குறுகலாக வெட்டி, நழுவாமலிருக்க இரண்டு சொட்டுப் பசையோ டேப்போ வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும், தையலே அதை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

கட்டு ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டை: மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் 15 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று, அவற்றுக்கு நடுவே சம இடைவெளியில் இரண்டு. முதுகில் கட்டுக்கு ஒரு வரிசையாக, வரிசைகளுக்கு நடுவே 4 மி.மீ. இடம் விட்டு, அதே உயரங்களில் குத்துங்கள். நான்கு வரிசை, பதினாறு ஓட்டை. முதுகின் வெளிப்பக்கம் குறி போட்டுக் குத்தினால் ஓட்டைகள் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். நூலுக்கு, நோட்டின் உயரத்தைக் கட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

தையல் பாம்பு போல மேலும் கீழும் போய்வருகிறது. முதல் வரிசையில் வெளியிலிருந்து முதல் ஓட்டை வழியாகக் கட்டுக்குள் நுழையுங்கள், வெளியே 10 செ.மீ. வால் இருக்கட்டும். இரண்டில் வெளியே, மூன்றில் உள்ளே, நான்கில் வெளியே. இப்போது கீழே நிற்கிறீர்கள். இரண்டாவது கட்டை வைத்து, இரண்டாம் வரிசையின் நான்காம் ஓட்டையில் நுழைந்து, மூன்றில் வெளியே, இரண்டில் உள்ளே, ஒன்றில் வெளியே என்று மேலே வாருங்கள். அங்கே முதல் வால் காத்திருக்கும். இறுக்கிவிட்டு அதோடு இரட்டை முடிச்சுப் போடுங்கள். பிறகு மூன்றாவது கட்டு, மேலிருந்து கீழே. கீழே வெளிவந்ததும் நேராக நான்காவது வரிசைக்குத் தாவாமல், முதல் இரண்டு வரிசைகளை இணைக்கிற சின்னத் தையலுக்கு அடியில் ஊசியை ஒருமுறை விட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இந்தக் கொக்கிதான் கட்டுகளை ஒன்றோடொன்று பூட்டுகிறது. நான்காவது கட்டில் மேலே வந்ததும் இரண்டாம் மூன்றாம் வரிசைக்கு இடையில் இருக்கும் தையலில் சுற்றி முடிச்சிட்டு, வந்த ஓட்டை வழியாகவே ஊசியை உள்ளே விட்டு அங்கே நறுக்கிவிடுங்கள். முதல் வாலையும் அதன் ஓட்டைக்குள்ளேயே அனுப்பிவிடலாம்.

பழைய தாளைத் திணித்து அட்டை செய்வது நம் காலத்துச் சிக்கனம் என்று நினைத்துவிட வேண்டாம். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த தோல் உறை போட்ட பழஞ்சுவடிகள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றின் தோல் உறைக்கு விறைப்பு கொடுக்க, பயன்படுத்தித் தீர்ந்த பப்பைரஸ் (நாணல் தாள்) கடிதங்களையும் கணக்குகளையும் உள்ளே ஒட்டியிருந்தார்கள். அந்தக் கழிவுத் துண்டுகளில் இருந்த தேதிகள்தான் சுவடிகளின் காலத்தைக் கணிக்கவே உதவின. நம் நோட்டின் உள்பக்கத்தில் இருக்கும் தயாரிப்புத் தேதியை அழிக்காமல் விட்டுவைப்பது நான் அதனால்தான்.

கெட்டி அட்டை வேண்டுமென்றால்

மெல்லிய பெட்டி அட்டை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் கடை நோட்டின் விறைப்பு வந்துவிடும். மூன்றிலும் நாரோட்டம் ஒரே திசையில் இருக்க வேண்டும். வழவழப்பான பக்கத்தில் பசை பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், உருண்டு நின்றால் அந்தப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கிவிட்டு ஒட்டுங்கள்.

மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லப் பூசலாம். மைதாப் பசையும் நன்றாகவே பிடிக்கும்: ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், முதலில் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெளுப்பு மாறிக் கண்ணாடி போலாகும். ஆறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்க முடியாது, பூச்சிக்கும் அது விருந்து. ஈரக்காற்று அதிகமுள்ள வீட்டில் வெள்ளைப் பசையே நல்லது.

மேலே அலங்காரத் தாள் ஒட்டினால் உள்ளேயும் ஒரு தாள் ஒட்டியாக வேண்டும். பசையின் ஈரத்தில் தாள் விரிகிறது, உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கமும் ஒரு தாள் இழுத்தால்தான் அட்டை நேராக நிற்கும். ஒட்டிய பிறகு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, பாரத்தோடு ஒரு நாள் விடுங்கள். வெயிலில் வைத்து அவசரமாக உலர்த்தினால் அப்பளம்தான்.

எதில் எழுதுவது

இதைச் செய்து முடித்த பிறகுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். பார்சல் தாளில் மைப்பேனா ஊறிப் பரவும், பின்பக்கமும் தெரியும். பென்சிலும் பால்பாயிண்டும் எல்லாத் தாளிலும் ஓடும். அடர்ந்த பழுப்பில் வெள்ளைப் பென்சில் அழகாக எடுக்கும். வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா உலர நேரமாகும், உள்ளங்கையில் ஈஷிக்கொள்ளும். தைப்பதற்கு முன்பே ஒவ்வொரு தாளிலும் ஒரு துணுக்கு எடுத்து உங்கள் பேனாவால் கிறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

பக்கங்கள் தீர்ந்ததும் மேலட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே முடிச்சை வெட்டி நூலை உருவிவிட்டு, அதே தாள் பட்டியால் புதிய கட்டுக்கு ஓட்டை போட்டு, பழைய ஓட்டைகள் வழியாகவே தைத்துக்கொள்ளலாம். பட்டியை அதற்காகவே மேலட்டையின் உள்பக்கம் செருகி வைத்திருக்கிறேன். என் மேசையில் இருக்கும் பற்பசைப் பெட்டி அட்டை இப்போது மூன்றாவது கட்டைச் சுமந்துகொண்டிருக்கிறது. மூலைகள் மட்டும் கொஞ்சம் பஞ்சு பஞ்சாகிவிட்டன.